சிவப்புச் சாக்கடை தாண்டி வலது பக்கம்

"நீங்களும் தமிழு, நாங்களும் தமிழு, அப்புறம் என்னங்க கஷ்டம்?" என்று பனியன் கம்பெனியில் என்னைக் கேட்காத ஆளில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அப்பாவும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அகதி முகாமில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் திருப்பூருக்கு வந்து மண்ணரைப் பகுதியில் ஓர் அறை பிடித்திருந்தோம். வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வெளிய போனா வாயத் தொறக்காதீங்க. உங்க பேச்சக் கேட்டா போலீசு வந்துருமுங்க." எனக்குக் கம்பெனி வேன் இருந்தது. அப்பாதான் பாவம், பஸ்ஸில் சில்லறையை நீட்டிவிட்டு ஊமைபோல் உட்கார்ந்து வருவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு ஒரு வேலை. வன்னியில் சண்டைக்குள் மாட்டிக்கொண்ட என் தம்பி, எங்கேயாவது போன் கிடைத்தால் அன்று மத்தியானம் கூப்பிடுவான். சந்து சந்தாக நுழைந்து போக வேண்டிய ஒரு பெட்டிக்கடைக்குத்தான் அந்த அழைப்பு வரும். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை. ஞாயிறும் எனக்கு ஷிப்ட். அதனால் அப்பா தானே வழியை அடையாளம் பிடித்து வைத்திருந்தார்: சாயப்பட்டறைத் தண்ணீர் சிவப்பாக ஓடும் சாக்கடை, அதைத் தாண்டி வலது பக்கம்.

ஆர்டர் மாறினால் சாயமும் மாறும் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? அந்த ஞாயிறு சாக்கடை நீலமாக ஓடியது, நாசமாய்ப் போக. இது வேறு இடம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார். சிவப்பைத் தேடித் தேடி ஆற்றங்கரை வரை நடந்திருக்கிறார். வழி முழுக்கத் தமிழ் பேசுகிற சனம். ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்தபோது அறை பூட்டிக் கிடந்தது. கடைக்கு ஓடினேன். "உங்க தம்பி திரும்பத் திரும்பப் போன் அடிச்சாரு கண்ணு," என்றார் கடைக்காரம்மா. "கடைசியா, அப்பா நல்லா இருக்காரான்னு மட்டும் கேட்டாரு. இருக்காருன்னு சொன்னேன்."

இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்தார். காலெல்லாம் சாயச் சேறு. "தம்பி எடுத்தவனோ?" என்பதுதான் முதல் கேள்வி.

"உங்களுக்கு வாய் இல்லையோ? ஒரு ஆளிட்டக் கேட்டா என்ன?" என்று கத்தினேன்.

"கதைக்கக் கூடாதெண்டு சொன்னவையெல்லோ, பிள்ளை."

பிறகு தம்பி கூப்பிடவே இல்லை. சண்டை முடிந்தது என்றார்கள். அவனைக் கண்டதாகச் சொல்ல ஒரு சனம் இல்லை. ஆனாலும் காலையில் வேன் வந்தது, ஏறினேன்.

அப்பாவின் வாய் அதற்குப் பிறகுதான் திறந்தது. தெரிந்த வழியையும் கேட்டார். போலீஸ்காரரையே நிறுத்தி, "தம்பி, இந்த ஒழுங்கை எங்க போகுது?" என்று சந்துப் பக்கம் கையைக் காட்டிச் சத்தமாகக் கேட்டார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு நான் லீவு போட்டுவிட்டு அவர் பின்னால் போனேன். சாக்கடை அன்று சிவப்பாகத்தான் ஓடியது. தாண்டினார், வலது பக்கம் திரும்பினார், நேராகப் பெட்டிக்கடைக்குப் போய்ப் போன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்:

"தங்கச்சி, ரெலிபோன் கடைக்கு எப்பிடிப் போறது?"

கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இதுதானுங்க சாமி. உக்காருங்க."