மூன்று இறக்கையில் ஒரு தகப்பன்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு மண்டபம் உண்டு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். சித்திரைத் தேர் பார்க்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவதும் அங்கேதான். அதன் நடுக்கூடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினார். ஒரு இறக்கையில் 'உபயம்', அடுத்ததில் அவர் பெயர், மூன்றாவதில் 'ஜீயபுரம்' என்று சிவப்பு பெயிண்டில் எழுத வைத்தார்.

விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பது மாட்டிய பிறகுதான் அந்த மூளைக்கு உறைத்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கையைத் தூக்குவார். யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார்கள். சித்திரை மாதப் புழுக்கத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து அவர் பெயரைப் படிப்பார்கள். எல்லாரும் படித்தாயிற்று என்று தோன்றியதும் மறுபடி கையைத் தூக்குவார்.

அவர், இவர் என்று எழுதுவது பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜீயபுரத்தில் அவருக்கு வாழை இருந்தது. தார் லாரி லாரியாகப் போகும். எங்கள் பெண்ணுக்கு நான்கு வயது இருக்கும்போது துறையூரிலிருந்து ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவளும் இங்கதான் இருப்பா" என்றார். ஏதோ புதுசாக ஒரு கட்டில் வாங்கி வந்த மாதிரி சொன்னார். நான் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்னூரில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் நல்லவன். ஆனால் குமாஸ்தா சம்பளம், நாலு பிள்ளைகள், இரண்டு அறை வீடு. ஒரு வருஷம் ஓடிற்று. ஜீயபுரத்திலிருந்து ஒரு காசு வரவில்லை. ஆள் மூலமாகச் சொல்லி மட்டும் அனுப்பினார்: "பொண்ணை இங்க அனுப்பிடச் சொல்லு. சோறு நான் போடறேன்." துறையூர்க்காரிக்கு அப்போது ஆண் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் ஆட்ட ஆள் தேவைப்பட்டது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு அப்பா வீட்டில் காத்திருந்த வேலை அதுதான்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவர் பொண்ணுதானே. ஜூன்ல ஸ்கூல்ல சேக்கணும். என்னால முடியலைம்மா. ஒரு வழியும் தெரியலைன்னா அனுப்பித்தான் ஆகணும்."

எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவ வக்கீல் குடியிருந்தார். அவரிடம் போய் நின்றேன். "பெத்த புள்ளைக்குச் சோறு போடலைன்னா மாஜிஸ்ட்ரேட்டே கேக்கலாம்மா" என்றார். "மாசாமாசம் கட்டுன்னு உத்தரவு போடுவார். கட்டலைன்னா வாரண்டு. அப்பவும் கட்டலைன்னா ஜெயில்." எனக்கு அதுவரை இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது. கேஸ் போட்டோம்.

கோர்ட்டுக்கு அவர் கிழிந்த வேஷ்டியோடு வந்தார். வீட்டில் கட்டும் கைலியைக்கூட இஸ்திரி போட்டுத்தான் கட்டுகிற மனுஷன் அது. எங்கிருந்து அந்த வேஷ்டியை இரவல் வாங்கினாரோ. வாழையெல்லாம் தன் அண்ணன் பெயரில் இருக்கிறது, தான் அங்கே கூலிக்கு இருக்கிற ஏழை என்று கும்பிட்டுச் சொன்னார். ஆமாம் சாமி, பரம ஏழை என்று சாட்சி சொல்ல மண்டபத்து ஆட்கள் சிலரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வக்கீலிடம் முன்னாலேயே ஒன்று சொல்லி வைத்திருந்தேன். அவர் எழுந்து மிகவும் சாதாரணமாகக் கேட்டார்: "ஸ்ரீரங்கத்து மண்டபத்துல உங்க பேர் போட்ட ஃபேன் ஒண்ணு இருக்காமே. அது உங்க அண்ணன் வாங்கினது, நீங்க பேரை மட்டும் எழுதிக்கிட்டீங்கன்னு சொல்றாங்களே?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் முகம் சிவந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கேஸ் அன்றைக்கே படுத்திருக்கும். மண்டபத்து ஆட்கள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "எவன் சொன்னான்? சொந்தக் காசு. என் வாழை வித்த காசு" என்றார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார்.

மாதம் முப்பது ரூபாய் என்று உத்தரவானது. முதல் மாதம் கட்டினார். அப்புறம் நிறுத்திவிட்டார். நல்லவேளையாக அந்தப் பணத்தோடு பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். வக்கீல் பாக்கிக்கு மனுப் போட்டார். ஜப்தி செய்யப் போனவர்களிடம் வீட்டில் இருந்த அண்டா குண்டா வரை எல்லாமே தன் அண்ணனுடையது என்றாராம். கடைசியில் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பணம் கட்டுகிறாயா, உள்ளே போகிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதற்கு, "உள்ளயே போறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். தேசத்துக்காகப் போகிறவர் மாதிரி இருந்தது. தன் பெண்ணுக்குச் சோறு போடாமல் இருக்க ஒருவர் செய்த தியாகம் அது.

ஊர் என்னைத்தான் பேசும் என்று கணக்குப் போட்டார். அது சரியாகத்தான் இருந்தது. தென்னூர்க் குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். தாலி கட்டினவரை ஜெயிலில் வைத்தவள். எனக்கு வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவர் ஜெயிலிலேயே இருந்து காலத்தை ஓட்டிவிட்டால், அடுத்த ஜூனில் அண்ணன் மறுபடி தரையைப் பார்ப்பான்.

பங்குனி முடிகிற சமயத்தில் மண்டபத்துத் தலைவர் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீப்புப் பழம். "பணம் வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா. அவரை விட்டுடுவாங்க. தேர் வருது. மண்டபத்துல முதல் மாலை அவருக்குப் போடறதுதானே வழக்கம்."

முதல் மாலை. என் பெண்ணின் பசியைப் பற்றிக் கேட்க அதுவரை ஒருவரும் பழத்தோடு வரவில்லை.

"அவங்க அண்ணனுக்குப் போடுங்க" என்றேன். "ஃபேன் அவர் காசுன்னு பேசிக்கறாங்கல்ல. அவருக்குப் போடறதுதான் முறை."

"அதுவும் சரிதான்" என்று தலைவர் போய்விட்டார். ஜெயிலில் இருக்கிறவரைப் பார்த்து முறையாகத் தகவலும் சொல்லிவிட்டாராம். மறுநாளே மொத்தப் பாக்கியும் கோர்ட்டில் கட்டியாயிற்று. ஜெயில் களியைத் தின்ன முடிந்தது, பெற்ற பெண் பட்டினி கிடப்பதையும் தாங்க முடிந்தது. தன் அண்ணன் கழுத்தில் விழப்போகும் மாலையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் மாதாமாதம் மணியார்டர் தவறியதில்லை. நான் நன்றி சொல்ல வேண்டுமானால் அந்த மாலைக்குத்தான் சொல்ல வேண்டும்.

பெண் படித்தாள். அறுபதுகளின் கடைசியில் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த வருஷம் என் அண்ணன் மகன் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. நல்ல கோடை. பந்தி நடக்கும்போது வாசலில் பட்டு வேஷ்டி தெரிந்தது. கை உயர்ந்தது. யாரோ ஓடிப்போய் விசிறியை நிறுத்தினார்கள்.

இலை முன்னால் இருந்த என் பெண் அண்ணாந்து மூன்று இறக்கையையும் படித்தாள். பிறகு எழுந்துபோய் சுவிட்சைப் போட்டாள்.

"யாரது? யார் போடச் சொன்னது?" என்று கத்தினார்.

"புழுங்குதுங்க" என்றாள்.

அவளை மேலும் கீழும் பார்த்தார். நான்கு வயதில் கடைசியாகப் பார்த்த முகம். ஒன்றும் பிடிபடவில்லை. "யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டார்.

அவள் என்னைக் கைகாட்டினாள். "அவங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். காற்று நன்றாக வந்தது.