படுதாவுக்குப் பின்னால் பார்த்த கன்னடப் படம்

பேத்தியின் கல்யாண ஆல்பம் போன வாரம் வந்து சேர்ந்தது. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் கனம். நடுப்பக்கத்தில் நான் மணமக்களுக்கு அட்சதை போடுகிறேன். ஆனால் வலது கையால் போடுகிறேன். இத்தனை வயது வரை அந்தக் கையால் நான் ஒரு காரியமும் உருப்படியாகச் செய்ததில்லை. உற்றுப் பார்த்தால் மாராப்பும் வலது தோளில் கிடக்கிறது. பேத்தி ஸ்டுடியோவுக்குப் போன் போட்டாள். "டிசைனுக்காகத் திருப்பிப் போட்டோம்ங்க. ஆயா அந்தப் பக்கம் பாத்தாத்தான் பேஜ் நல்லா வருது" என்றானாம் அந்தப் பையன். வீட்டில் எல்லோருக்கும் கோபம். எனக்கோ சிரிப்பும், கூடவே ஒரு ஈரத்துணி வாசனையும் வந்தது.

ஈரத்துணி என்றால் கொடியில் காயும் துணி இல்லை, டென்ட் கொட்டகைப் படுதா. பெரிய வெள்ளைத் துணியில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்பார்கள். நனைந்த துணியில்தான் படம் பின்பக்கமும் தெரியும். கஞ்சி போட்ட காடாத்துணியும் டீசல் என்ஜின் புகையும் வறுத்த கடலையும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

யுத்தம் முடிந்த சமயம். தர்மபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை, எல்லாமே சேலம் ஜில்லா. கடத்தூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டென்ட் கொட்டகை வந்து இறங்கியிருந்தது. படப்பெட்டி ரயிலில் பொம்மிடிக்கு வரும், அங்கிருந்து மாட்டு வண்டியில் கடத்தூர் வரும். வந்த பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வாரத்துப் படம். அந்த வாரம் பெங்களூர்ப் பக்கத்துப் பெட்டி வந்துவிட்டது. கொட்டகைக்காரர் கெட்டிக்காரர். நோட்டீஸில் 'கல்லையும் கரைக்கும் காதல் சோகச் சித்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கன்னடம் என்பதை எறும்பு அளவில் போட்டிருந்தார்.

கன்னடம் எங்களுக்கு அன்னிய பாஷை இல்லை. பக்கத்து ஊரில் பாதிப் பேர் வீட்டில் அதைத்தான் பேசுவார்கள். ஆனால் கன்னடம் தெரிந்தவர்கள் எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முந்தின வாரத்துக் காற்றில் கூடாரம் பாதி கிழிந்து இடம் போதாமல் இருந்ததால், பெண்டுகளையும் குழந்தைகளையும் அரை டிக்கெட்டுக்குப் படுதாவின் பின்பக்கம் உட்கார வைத்தார் கொட்டகைக்காரர். எங்கள் ஊர்க்காரர்கள் பின்னால் இருந்து படம் பார்த்தது அதுதான் முதல் தடவை. வசனத்தைத் தமிழில் கத்திச் சொல்ல ஓர் ஆள் போட்டிருந்தார்கள். அவன் முன்பக்கம் நின்று கத்தினான். எங்கள் பக்கம் என்ஜின் சத்தம்தான் கேட்டது.

படத்துக்குப் போவதற்கு முன்னால் என் கை சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவி நொட்டாங்கை. சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். நான் மாவாட்டினால் குழவி எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அதனால் மாவு பொங்காது என்று ஒரு பேச்சு. கேழ்வரகு அறுக்கப் போனால் வரிசையில் என்னைக் கடைசியில்தான் விடுவார்கள். எல்லோருடைய அரிவாளும் ஒரு பக்கம் வரும், என்னுடையது எதிரே போகும். "உன் பக்கத்துல நின்னா என் வெரலு போயிடும் தாயி" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

கல்யாண வயது வந்ததும் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும் இல்லையா. வலது கை, வலது கை என்று மனதுக்குள் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே போவேன். ஆள் எதிரே நின்றதும் இடது கை முந்திக்கொள்ளும். வந்தவர்கள் செம்பை வாங்காமல் எழுந்து போய்விடுவார்கள். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் வேறு காத்திருந்தார்கள். "இதுவும் தட்டிப் போச்சுன்னா உன்னய ஊட்டோடயே வெச்சுக்க வேண்டியதுதான்" என்று அப்பா வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னது பொம்மிடிக்காரர்கள் வரப்போகிற அன்று காலையில். மாப்பிள்ளைக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் பார்சல் இறக்கும் வேலை. அவரும் அவர் அம்மாவும் சந்தை நாளில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மா நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை. நான் செம்போடு போனேன். என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த அம்மா செம்பை வாங்கினார், குடிக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு, "சொல்லி உடறோம்ங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடத் தெரியும்.

வந்ததற்குப் படமாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர்கள் கொட்டகைக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலும் எல்லோரும் படத்துக்குப் போக ஏற்கெனவே தயாராக இருந்தோம். மாப்பிள்ளை முன்பக்கம். அவர் அம்மா பின்பக்கம், நெரிசலில் எனக்குப் பக்கத்தில். என் அம்மா என் காதில், "கையை அடக்கிக்கிட்டு உக்காரு" என்றாள். நான் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

படம் ஆரம்பித்தது. எழுத்து ஓடியது. அது நேராக ஓடினாலும் எங்களுக்குப் படிக்கத் தெரியாது. கதாநாயகி பூக்கட்டுகிற பெண். எந்தக் கையால் கட்டினாள் என்கிறீர்கள்? இடது கையால். பெரிய வீட்டுப் பையன் வந்து காதலித்தான். இடது கையால் அவனுக்குப் பூக் கொடுத்தாள். எங்கள் வரிசையில் ஒருத்தி, "ஏ, இவளும் நொட்டாங்கைடி" என்றாள். மாராப்பு வலது தோளில் இருந்ததைப் பற்றியும் பேச்சு எழுந்தது. அது மைசூர்ப் பக்கத்துக் கட்டு என்று ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். என்னை மாதிரி ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதுவும் அவ்வளவு அழகாக.

கல்யாணம் ஆனது. புது மருமகள் மாமியாருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள், இடது கையால். மாமியார்க்காரி செம்பைத் தட்டிவிட்டாள். என் பக்கத்தில் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. அடுத்த காட்சியில் கணவன் சாப்பிட உட்கார்ந்தான். அவனும் இடது கையால் பிசைந்தான். "இதென்ன, அவனுமா?" என்று யாரோ கேட்டார்கள். பொம்மிடி அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பொண்டாட்டிக்காவ மாத்திக்கிட்டான். பாசம்னா அது." அதற்கப்புறம் எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்கும்தான்.

மாமியார் மருமகளை விரட்டிவிட்டாள். மருமகள் ஆற்றங்கரையில் பாடினாள், இருமினாள், படுத்தாள். கணவன் ஓடி வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவன் அவளுடைய இடது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். பின்பக்கத்தில் அழாதவள் ஒருத்தியும் இல்லை. பொம்மிடி அம்மா மாராப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஒரு கைக்காவ ஒரு உசுர எடுத்துட்டாளே பாவி" என்றார், படுதாவைப் பார்த்து.

விளக்குப் போட்டதும் என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தண்ணி வெச்சிருக்கியா கண்ணு?"

அம்மா தண்ணீர் இருந்த தூக்குப்போசியை என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை தப்பக் கூடாது என்று வலது கையால்தான் கொடுத்தேன். பழக்கமில்லாத கையில் போசி சாய்ந்து பாதித் தண்ணீர் அவர் சேலையில் கொட்டிவிட்டது. அவர் சேலையை உதறிக்கொண்டார்.

"அந்தக் கையில எதுக்குக் குடுக்கற? உனக்கு வர்ற கையில குடு."

கொடுத்தேன். மிச்சத் தண்ணீர் முழுவதையும் அண்ணாந்து குடித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தை பிறந்ததும் கல்யாணம்.

எனக்கு உண்மை தெரிந்தது மூத்தவன் நடக்க ஆரம்பித்த பிறகு. சேலத்தில் ஒரு தியேட்டருக்கு என் வீட்டுக்காரரோடு போனேன், நல்ல நாற்காலியில், முன்பக்கம். படம் முழுக்க ஒருத்தரும் இடது கையை நீட்டவில்லை. "ஏங்க, இந்தப் படத்துல எல்லாரும் சோத்தாங்கையா இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் சொன்னார். பெங்களூர் வண்டிக்காரர்களோடு பேசிப் பேசி அவருக்குக் கன்னடம் நன்றாக வரும். அந்தப் பெண்ணை விரட்டியது அவள் ஏழை என்பதற்காகத்தானாம். கையைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை இல்லையாம். அவள் சுத்தமான வலது கைக்காரியாம். படுதாவின் பின்னால் உட்கார்ந்ததால்தான் எங்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்ததாம்.

"அன்னிக்கு வண்டில போறப்ப எங்கம்மா கதை பூரா எனக்குச் சொல்லிக்கிட்டு வந்தாங்க. நொட்டாங்கைனு தொரத்திட்டாளுங்கடா, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம், இந்தப் புள்ளயவே கட்டிக்கலாம்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்மா, அப்படித்தான் கதைன்னேன்."

அவர் அம்மா செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போன அன்று அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "எங்கம்மாகிட்டச் சொல்லிடாத" என்றார். நான் ஏன் சொல்கிறேன்? என் மாமியார் கடைசி வரை, என் கையைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "கன்னடத்துல பெரிய பெரிய ஊட்டுலயே அந்தக் கைதான். உங்களுக்குத் தெரியலன்னா சும்மா இருங்க" என்று அடக்கிவிடுவார். என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவரும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். கொட்டகை போட்ட இடத்தில் வரிசையாகக் கடைகள் நிற்கின்றன.

பேரன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான். அந்தப் படத்தில் ஒரு சுருள்கூட எங்கேயும் மிஞ்சவில்லையாம். எல்லாம் எரிந்தும் மக்கியும் போய்விட்டதாம். அன்று முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களிலும் ஒருத்தரும் இல்லை. மிச்சம் நான்தான். ஆகவே இனிமேல் அந்தப் படத்தின் கதை நான் சொல்வதுதான்: பூக்கட்டுகிற பெண், நல்லவள், நொட்டாங்கைக்காரி. அவளுக்காக அவள் புருஷனும் கையை மாற்றிக்கொண்டான்.