பெயர் மட்டுமே தெரிந்த நெடுந்தீவுக்குப் போய் வந்தோம்

எங்கள் தெருவில் நெடுந்தீவு என்றாலே கெட்ட செய்திதான். ‘நெடுந்தீவு அருகே காரைக்கால் மீனவர்கள் கைது’ என்று டிவியில் ஓடும்போதுதான் அந்தப் பெயர் காதில் விழும். என் தம்பி வேலுவும் ஒருமுறை அங்கே பிடிபட்டு, யாழ்ப்பாணத்துச் சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவன். “அங்க போயா சுத்திப் பாக்கப் போறீங்க?” என்று அம்மா கேட்டார். எனக்கோ, அதனாலேயே அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் நான் கடலில் போனதே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மீன் கரைக்கு வந்த பிறகுதான் வேலை. என் வீட்டுக்காரர் சரவணன் விழிதியூர்க்காரர். நெல் விளைவிக்கும் குடும்பம், அவருக்கு அலுவலக வேலை. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஓடுவதும், கோவில்பத்தில் இருக்கும் எங்களுக்கு நாகை வெறும் இருபது கிலோமீட்டர் என்பதும் தெரிந்ததும், மாசிக் கடைசியில் நான்கு நாள் லீவு போட்டார்.

காலை ஆறு மணிக்கெல்லாம் துறைமுகத்தில் இருந்தோம். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கரை ஒரு கோடாகி, அதுவும் காணாமல் போனது. வேலு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான், எனக்குப் புரிந்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்! கலங்கல் போய், பச்சை போய், கருநீலமாக இருந்தது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. இவர் எதிர் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி, “இன்னும் எவ்ளோ நேரம்னு கேளேன்” என்று நான்கு மணி நேரமும் கேட்டுக்கொண்டே வந்தார்.

காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், ஊர் சுற்றி, இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் விடியலில் குறிகட்டுவானுக்குப் பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் தூங்கிவிடாதீர்கள். தீவுகளை இணைக்கும் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல்; பஸ்ஸே தண்ணீர் மேல் மிதந்து போவது போல இருக்கும். குறிகட்டுவானில் எட்டு மணிப் படகு. மரப்படகின் வயிற்றுக்குள் அரிசி மூட்டை, மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை எல்லாவற்றோடும் நாங்களும் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு.

இறங்குதுறையில் யோகராசா என்பவரின் ஆட்டோவைப் பேசிக்கொண்டோம். ஐம்பது வயது இருக்கும். தீவு முழுக்கப் பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள். சிமெண்ட் இல்லை, சேறு இல்லை, கல் மேல் கல், அவ்வளவுதான். பத்துப் பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியுமா என்று தோன்றும் பெருக்க மரம் ஒன்று. அதன் பொந்துக்குள் நானும் இவரும் நின்று போட்டோ எடுத்தோம். அப்புறம் குதிரைகள்! கட்டுவார் மேய்ப்பார் இல்லாமல், வெட்டவெளியில், பனைகளுக்கும் கடலுக்கும் நடுவே கூட்டமாக மேய்கின்றன. ஒரு குட்டி எங்களைப் பார்த்துத் துள்ளி ஓட, நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன்.

“எங்கயிருந்து வாறியள்?” என்று யோகராசா கேட்டது அப்போதுதான்.

“காரைக்கால்ண்ணே.”

அவர் முகம் மாறியது. “றோலர்காரரோ?” எங்கள் ஊர் விசைப்படகுகளை அங்கே றோலர் என்கிறார்கள்.

“இல்லைங்க, நாங்க விவசாயக் குடும்பம்” என்று இவர் முந்திக்கொண்டார். பொய்யில்லை. ஆனால் என் பிறந்த வீடு அதில் இல்லை.

மதியம் தீவின் மேற்குக் கரைக்கு அழைத்துப் போனார். கண்ணாடி போன்ற தண்ணீர். அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஓரமாகக் கிழிந்த வலை ஒன்று குவியலாகக் கிடந்தது.

“இது என்ர வலை, தங்கச்சி. ஆட்டோ ஓடினாலும் நானும் கடல் தொழில்தான். நண்டு வலை. பின்னேரம் போட்டிட்டு வந்து படுத்தனான். விடியப் போய்ப் பார்த்தா இவ்வளவுதான் மிச்சம். உங்கட பக்கத்து றோலர் இழுத்துக்கொண்டு போயிட்டுது.”

ஒரு முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வலை தெரிந்த வீட்டுப் பெண் நான். கண்ணிகள் இழுபட்டு நைந்திருந்தன. இவர் ‘வேண்டாம்’ என்பது போலத் தலையசைத்தார். என்னால் மறைக்க முடியவில்லை.

“அண்ணே, என் தம்பி விசைப்படகுல போறவன். இங்கதான் பிடிபட்டான்.”

அவர் விறுவிறுவென்று போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். இறங்குதுறை வெகுதூரம். இரண்டரை மணிப் படகை விட்டால் தீவிலேயே மாட்டிக்கொள்வோம். மறுநாள் ஊருக்குக் கப்பல் வேறு. “நடந்துரலாமா மஞ்சு?” என்று இவர் மெதுவாகக் கேட்டார். அந்த வெயிலில் ஒரு ஆளைக்கூடக் காணவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யோகராசா இறங்கி வந்தார். “உங்கட தம்பிக்குப் போன் அடியுங்கோ. நான் கதைக்கவேணும்.”

வீடியோ காலில் கூப்பிட்டேன். “அக்கா, குதிர பாத்தியா?” என்று சிரித்தபடி எடுத்தான் வேலு. நெடுந்தீவு மீனவர் ஒருவர் பேச வேண்டுமாம் என்றதும் சிரிப்பு நின்றது. யோகராசா போனை வாங்கி வலைப் பக்கம் திருப்பினார்.

“தம்பி, இதை வடிவாப் பாருங்கோ.”

“பாக்கறேண்ணே.” போனைக் கண்ணருகே கொண்டுபோனான். “எங்க வல போச்சுன்னா எங்க வீட்ல என்ன ஆகும்னு தெரியும்ண்ணே.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் வாறியள்?”

“போட்டு என்னுது இல்லண்ணே. ஓனரு சொல்ற எடத்துக்குப் போவணும். வரலன்னா வேற ஆள ஏத்திக்குவாரு. அதுக்காக இது நியாயம்னு நான் சொல்லல.”

யோகராசா கடலைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “மறியல்ல கன நாள் இருந்தனியளோ?” என்றார். சிறையை அங்கே மறியல் என்கிறார்கள்; ‘கன நாள்’ என்றால் ரொம்ப நாள்.

“ஆமாண்ணே.”

“சாப்பாடு ஒழுங்காத் தந்தவையோ?”

“தந்தாங்கண்ணே. சோறுதான் செகப்பா இருந்துச்சு, மொத நாளு குழம்பு கொட்டிட்டாங்களோன்னு நெனச்சேன்.”

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். “அது நல்ல அரிசியடா!” ‘தம்பி’ போய் ‘அடா’ வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் நண்டு, காற்று, நீரோட்டம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். “படகு போயிடும்ங்க!” என்று இவர்தான் கத்தினார். ஆட்டோ பறந்தது. கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் குதித்து ஏறினோம். யோகராசா கரையில் நின்றபடியே வேலுவின் நம்பரைக் கேட்டார். சொன்னேன்.

இப்போது வேலு விசைப்படகை விட்டுவிட்டு, நம் கரையோரம் மட்டும் போகும் ஃபைபர் படகில் போகிறான். வருமானம் குறைவு. அந்த ஒரு போனால்தான் என்று சொல்ல மாட்டேன். சிறையிலிருந்து வந்த நாளிலிருந்தே மனசில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யோகராசா அண்ணன் அவ்வப்போது கூப்பிடுகிறார்.

போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட் வேண்டும், விசாவை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கப்பல் கிடையாது. மற்ற மாதங்களிலும் எந்தெந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்குங்கள். தீவில் கடைகள் குறைவு, தண்ணீர், தொப்பி, மதியச் சாப்பாடு கையில் இருக்கட்டும். தலை சுற்றும் ஆளாக இருந்தால் கப்பலில் நடு வரிசையில் உட்காருங்கள், இவர் சொல்லச் சொன்னது. எந்த ஊர் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கடற்கரைக்காரர் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கோபப்படுவார்கள், உட்கார்ந்து கேளுங்கள். பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாத ஒரே பக்கத்து நாடு நமக்கு அதுதான்.