டீ கிளாஸ் வைத்துப் பார்த்தவர்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் புது பிரஸ் மெஷின் வந்தபோது, அதை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்த வந்தவர் அவர். காவியேறிய பல், காதில் பென்சில். ரசமட்டம் சரியென்று காட்டினாலும் நம்ப மாட்டார். விளிம்புவரை டீ ஊற்றிய கிளாஸை ஒரு சொட்டும் சிந்தாமல் மெஷின் மேல் வைத்து, டீ எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு அதையே குடித்துவிடுவார்.

இடைவேளையில் அவரிடம் புலம்பினேன். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் பணம் கட்டியிருப்பதால், வருடத்துக்கு ஒரு வாரம் எங்கள் குடும்பத்துக்கு ஓர் அறை உண்டு. புயலில் மண் அரித்துக் கட்டடத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது. இப்போது சரிசெய்துவிட்டோம், வாருங்கள் என்கிறார்கள்.

"இன்னா சார், அந்த மூலைய தூக்குனதே நான்தான்!"

"பசங்கள கூட்டிகினு போலாமாண்ணா?"

"உன் ரூமு எது?"

"முதல் மாடி, அந்த மூலைதான்."

"தாராளமா போ சார். அந்த பால்கனில டீ வச்சு பாத்துட்டுதான் ஜாக்கிய எடுத்தேன்."

போனோம். பால்கனியின் சிமென்ட் தரையில் பழுப்பாக ஒரு வட்டக் கறை. "இதக்கூட தேய்க்கல பாருங்க" என்று மனைவி ரிசப்ஷனுக்குப் போன் செய்யப் போனாள். நான் மண்டியிட்டுப் பார்த்தேன். சிந்திய டீ எந்தப் பக்கமும் ஓடாமல் சுற்றிலும் ஒரே அகலத்தில் காய்ந்திருந்தது.

"அத யாரும் தொட வேணாம்" என்று போனை வாங்கி வைத்தேன்.

வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினோம். ஒன்றுதான் புரியவில்லை. சொட்டுக்கூடச் சிந்தாத அந்தக் கை அன்றைக்கு ஏன் நடுங்கியது?