ஒரு மணி இருபது நிமிடம்

சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் தேடினேன். ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. அம்மா போய்விட்டார் என்று அண்ணன் சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"எட்டு மணிக்கு பஸ் இருக்கு. ஏறினா விடியறதுக்குள்ள போயிரலாம்," என்றார் என் கணவர்.

"ஒம்பது மணி நேரம் பஸ்ல அழுதுகிட்டே போகவா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, மறுநாள் பதினொரு மணி விமானத்துக்குச் சீட்டு எடுத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஈப்போ விமான நிலையத்திலிருந்து குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் பத்தே நிமிடம். "ஒரு மணிக்கெல்லாம் வந்துருவேண்ணே. நான் வராம குளிப்பாட்டிடாதீங்க," என்றேன். எங்கள் வழக்கத்தில் கடைசிக் குளியலுக்கு முதல் சொம்புத் தண்ணீரை மகள்தான் ஊற்ற வேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பெட்டி வாசலைத் தாண்டினால் அதோடு சரி. நான் ஒரே மகள். தகனத்துக்கு மூன்று மணி என்று பதிந்திருந்தார்கள்.

ஈப்போவுக்கு மேலே மழை. ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு, இறங்க முடியாது, கோலாலம்பூருக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள்.

"மழைன்னா இங்க இப்படித்தான் லா," என்றார் பக்கத்து இருக்கைக்காரர், வாழைப்பழம் பொரித்து விற்கும் பிசாங் கோரேங் கடை இன்றைக்குத் திறக்கவில்லை என்று சொல்வதுபோல. அவரை அறையலாம் போலிருந்தது.

தரையிறங்கியதும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கம்மா?"

"கேஎல்ல இருக்கேண்ணே."

அண்ணன் பக்கத்தில் யாரிடமோ விசாரித்தார். "மூணு மணிய விட்டா இன்னைக்கு வேற நேரம் இல்லையாம். என்ன செய்யட்டும்?"

"எடுத்துருங்க," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

வாடகைக் காரில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. கூடாரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்; தரை இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணி தலை முழுகிய ஈரக் கூந்தலோடு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மொதத் தண்ணி யாரு ஊத்துனா அண்ணி?"

எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"நாந்தாம்மா. மக இல்லன்னா மருமக ஊத்தலாம்னு சொன்னாங்க." எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காத. மூணு வருசமா படுக்கையில நாந்தானே குளிப்பாட்டினேன். சொம்ப எடுத்ததும் கை தன்னால போயிருச்சு."

அந்த மூன்று வருடத்தில் நான் வந்தது நான்கு முறை. அதுவும் விருந்தாளியாக வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனதுதான். முதல் தண்ணீர் ஊற்றும் உரிமை யாருடையதோ அவர்தான் ஊற்றியிருக்கிறார். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"பரவால்ல அண்ணி," என்றேன், ஏதோ நான் மன்னிக்கிறவள் மாதிரி.