வேங்கைத் தண்ணீர்

எனக்கு எதையும் உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் இல்லை. சர்க்கரை வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, நான் வேலை பார்க்கும் மர டிப்போவில் ஒரு வேங்கைத் துண்டை எடுத்து டம்ளராகக் கடைந்து வாங்கிவிட்டேன். அதில் ஊறிய தண்ணீர் சர்க்கரையை இறக்கும் என்பார்கள்.

பெங்களூரில் வேங்கையை ஹொன்னே என்பார்கள். இருபது வருடமாக அதை விற்றுத்தான் பிழைக்கிறேன். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். வெட்டினால் ரத்தம் போலப் பால் வடியும். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க அதைத்தான் காய்ச்சுவார்கள். இடித்த பழைய பங்களாக்களின் கதவு நிலைகள் எங்களிடம் வரும். ஒரு இழை சீவினால் போதும், உள்ளே நேற்று அறுத்தது போலப் பொன்னிறம். இந்த மரம் என் உடம்பைச் சரிசெய்யாதா என்று எனக்கு ஒரு திமிர்.

முந்தின ராத்திரி டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மின்னும். அதைக் குடித்துவிட்டு, மாத்திரையைப் பிதுக்கிச் சாக்கடையில் போடுவேன். மனைவி அட்டையைத்தான் எண்ணுவாள்.

மூன்று மாதத்தில் தண்ணீரின் நிறம் வெளுத்தது. சாறு மறுபடி இறங்கட்டும் என்று டம்ளரின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். தாகம் அடங்கவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அன்று ஒரு பெரியவர் தலைவாசலுக்கு மரம் கேட்டு வந்தார். ஒரு பலகையை இழுத்துப் போட்டு, "ஒள்ளே ஹொன்னே சார்," நல்ல வேங்கை என்று கன்னடத்தில் சொன்னேன். எங்கள் டிப்போவில் அறுவை மெஷின் ஓட்டுகிறவர் ஈரத்துணியால் அதை அழுத்தித் துடைத்தார். வேங்கை என்றால் துணியில் மஞ்சள் இறங்கும். இறங்கவில்லை.

"அண்ணா, இது மருத மரம். ரேகை தெரியலையா?" என்று காதோடு கேட்டார்.

தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பாதி வேலையில் கிளம்பி மர்பி டவுன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் திட்டவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"மூணு மாசமா தூக்கிப் போட்டியே, இது பேரு என்னான்னு படி."

கிட்டே வைத்துப் பார்த்தேன். தள்ளி வைத்துப் பார்த்தேன். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எழுத்து மங்கலாகவே இருந்தது.

"படிய்யா," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.