விரதம் இருந்த தங்கமீன்

வெள்ளிக்கிழமை காலை தொட்டி விளக்கைப் போட்டேன். எங்கள் தங்கமீன் குண்டு, வயிறு மேலாகக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்துத் தண்ணீருக்குள் கையை விட்டேன். சட்டென்று துள்ளி ஓடி, ஒரு சாண் போனதும் பந்துபோல் மேலே வந்து மறுபடி கவிழ்ந்தது. உயிர் இருக்கிறது! கடிகாரத்தைப் பார்த்துச் செவுள் அசைவை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றுப்பத்து. அதற்கு முன் எண்பதைத் தாண்டியதே இல்லை.

உங்கள் வீட்டு மீனும் இப்படிக் கவிழ்ந்து, நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

குண்டு எலுமிச்சம்பழ அளவுள்ள தங்கமீன். புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறது. முழங்கால் வலியால் வெளியே போவதை விட்டுவிட்ட என் மனைவி சரோஜா பகல் முழுக்க அதோடுதான் பேசுவாள். அது இல்லாத கூடத்தில் அவள் யாரோடு பேசுவாள்?

கடையில் விற்கும் நீல மருந்தை ஊற்றலாம் என்றான் மகன் பாபு. என்ன நோய் என்று தெரியாமல் ஊற்றக் கூடாது என்று தடுத்தேன். மூடி போட்ட வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, குண்டை விட்டு, திருப்பதி பஸ் ஏறினேன்.

வடமாலபேட்டை வருவதற்குள் ஏழு முறை மூடியைத் திறந்துவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, கொழம்புக்கா?"

"வைத்தியத்துக்கும்மா."

"எந்த ஊரு?"

"புத்தூரு."

"எலும்பு முறிஞ்சா ஊரு ஒலகமே அங்க வந்து கட்டு போட்டுக்கினு போவுது. நீ இன்னாடான்னா இத்தத் தூக்கிக்கினு திருப்பதி போற!"

பஸ்ஸே சிரித்தது. நான் எட்டாவது முறை மூடியைத் திறந்தேன்.

கால்நடை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான்கு நாய்கள், இரண்டு பூனைகள், ஒரு கிளி, அப்புறம் நாங்கள். மருத்துவர் இளம்பெண். "கங்காரு படாதீங்க தாத்தா" என்றார் (தெலுங்கில் கங்காரு என்றால் பதற்றம்). ஈரக் கையால் குண்டை நிமிர்த்தி, மேலிருந்து பார்த்தார். செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் அது நீர்க்கோவை (உடலுக்குள் நீர் தேங்குவது), மீட்பது கடினமாம். வெள்ளைப் புள்ளி இல்லை. துடுப்பு அழுகவில்லை. வயிறு மட்டும் உப்பல். மலச்சிக்கல்! புடைத்த குடல் காற்றுப்பையை (மீன் தண்ணீரில் நிலையாக நிற்க உதவும் உறுப்பு) நெருக்குகிறது.

"எவ்ளோ தீனி போடறீங்க?"

"காலையில ஆறு உருண்ட, சாயங்காலம் ஆறு. எண்ணித்தான் போடறேன்."

"நீங்க எண்ணறீங்க. வீட்ல இன்னும் யார் யார் போடறாங்க?"

அதை நான் எண்ணியதே இல்லை.

மூன்று நாள் பட்டினி; தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்; பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப்பட்டாணி கொஞ்சம். அதற்குப் பின்னும் கவிழ்ந்தே இருந்தால் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை வைத்தேன்.

"ஆபீஸ் போறப்ப ஒரு சிட்டிக போடுவேன் நைனா" என்றான் பாபு. "வாயத் தொறந்துக்கினு பாக்குதே."

பாத்திரம் தேய்க்கும் மங்கம்மா ஒரு சிட்டிகை. பால்காரர் ஒரு சிட்டிகை. சரோஜா இட்லி.

"இட்லியா!"

"துளியூண்டுங்க. நாம துன்னும்போது அது நம்ம வாயப் பாத்துக்கினு இருக்கணுமா?"

என்னையும் சேர்த்து ஐந்து பேர். என் பன்னிரண்டு உருண்டைக் கணக்கு அதில் எந்த மூலைக்கு?

தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை பால்காரர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்! நான் கத்த வாயெடுப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள்.

"போடாதப்பா. அது விரதம்."

"மீனா?"

"பொரட்டாசி சனிக்கிழமதான? பெருமாளுக்கு மூணு நாளு வேண்டிக்கினு இருக்கேன், அது பேர்ல."

பால்காரர் பிஸ்கட்டைப் பைக்குள் போட்டார். தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோவிந்தா!" என்றார்.

அவ்வளவுதான். அடுத்தவர் விரதத்தைக் கலைக்க இங்கே யாருக்கும் கை வராது. மங்கம்மா அந்தப் பக்கமே போகவில்லை. சரோஜா தன் தட்டை எடுத்துக்கொண்டு, குண்டின் கண்ணில் படாமல், அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிறு மதியம் குண்டின் பின்னால் நூல்போல நீளமாக மலம் தொங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கள் மாலை அது ஒருக்களித்தது, நிமிர்ந்தது, வாலை இரண்டு முறை ஆட்டி மெல்லக் கீழே இறங்கி, கூழாங்கல் மேல் வயிறு பட நின்றது. மிதந்தே கிடந்த மீன் கீழே இறங்கி நிற்பதுதான் குணமானதற்கு அடையாளம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மூழ்கிடுச்சி! மூழ்கிடுச்சி!" என்று கத்தினேன்.

குளித்துக்கொண்டிருந்த பாபு தலையில் சோப்போடு ஓடி வந்தான். "யாரு நைனா?"

செவுள் அசைவு எழுபத்தாறு. செவ்வாய்க்கிழமை அரைப் பட்டாணியை மசித்துப் போட்டோம். இப்போது தீனியை ஊறவைத்து, ஒருவர் மட்டுமே போடுவதென்று வைத்திருக்கிறோம். குண்டு கண்ணாடியோரம் வந்து வாயைத் திறக்கத்தான் செய்கிறது. வாய் திறப்பதெல்லாம் பசியில்லை என்று இப்போது தெரியும்.

எழுபத்துநான்கு வயது வரை நான் மணி பார்த்தே சாப்பிட்டிருக்கிறேன். ஒரு மணியானால் பசித்தாக வேண்டும். நேற்று ஒரு மணிக்குச் சரோஜா தட்டு வைத்தாள். வயிற்றில் கை வைத்து, என்ன சொல்கிறது என்று கொஞ்ச நேரம் கவனித்தேன்.

"இரு சரோஜா. இன்னும் பசிக்கல."

அவள் பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.